காவிரிக் கடற்பகுதியில் வண்டல் கோர் எடுக்கும் முன்: இடர்த் திட்டம் வகுக்கும் முறை

பூம்புகாருக்குக் கிழக்கே கடற்படுகையைத் துளைத்து வண்டல் கோர் (அடுக்குகள் கலையாமல் உருளை வடிவில் வெட்டி எடுக்கும் மண் மாதிரி) எடுப்பதென்று ஓர் ஆய்வுக் குழு முடிவு செய்தால், முதல் கூட்டத்தில் பேசப்படுவது பெரும்பாலும் எத்தனை மீட்டர், எந்தக் கப்பல், எவ்வளவு செலவு என்பவைதான். இடர்கள் பற்றிய பகுதி, ஒப்பந்தமெல்லாம் முடிந்த பிறகு, வேறு ஏதோ திட்டத்துக்குத் தயாரித்த அட்டவணையில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிப் பின்னிணைப்பாகச் சேர்க்கப்படும். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பரிந்துரை. எந்த அறிகுறி தெரிந்தால் துளையிடுவதை நிறுத்துவது, அதை யார் சொல்வது, நிறுத்திய பின் எத்தனை மணி நேரத்தில் அந்த இடத்தை விட்டு விலகுவது ஆகிய மூன்றையும் கரையில் இருக்கும்போதே எழுதி முடித்துவிட்டு, அதன் பிறகு கப்பல் பேசப் போவது நல்லது. நள்ளிரவில், நாள் வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த முடிவை ஒருவர் புதிதாக எடுக்க நேர்ந்தால், அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் இன்னும் ஒரு கோர் எடுத்துப் பார்ப்போம் என்ற பக்கமே சாய்வார்.

இந்தக் கடலடியில் தேடுவதற்கு நிறைய இருக்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது, இன்றைய கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி, வறண்ட நிலமாக இருந்தது. காவிரியின் கிளைகள் அதைக் கடந்து ஓடித்தான் கடலைச் சேர்ந்தன. அந்த ஆற்றுத் தடங்கள் பின்னர் மணலாலும் களியாலும் மக்கிய தாவரப் பொருளாலும் நிரம்பிப் புதைந்து கிடக்கின்றன. பருவமழையின் வரலாற்றைப் படிக்க ஆய்வாளர்கள் விரும்பும் படிவு அதுதான். துளையிடுபவருக்கு அதிகத் தொல்லை தரும் படிவும் அதுதான். மக்கிய பொருள் இருக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. மேலே களி மூடியிருந்தால் அந்த வாயு வெளியேற வழியின்றி மணலுக்குள் தங்கிவிடுகிறது.

எங்கே துளையிடக் கூடாது

அறிவியல் துளையிடலில் எண்ணெய்க் கிணறுகளைப் போல வெடிப்புத் தடுப்புக் கருவி பொதுவாக இருப்பதில்லை. கப்பலுக்கும் கடலடிக்கும் இடையே, துளைக்குழாயைச் சூழ்ந்து நீரையும் மண்ணையும் மேலே கொண்டுவரும் வெளிக்குழாய் கிடையாது. துளைக்குழாய் வழியே கீழே அனுப்பும் கடல்நீர், அறுபட்ட மண்ணோடு கடலடியிலேயே கொட்டிவிடும். ஆகவே அழுத்தத்தோடு கூடிய எண்ணெயையோ வாயுவையோ எதிர்கொண்டால் அதை அடைக்க வால்வு எதுவும் இல்லை. இந்தக் குறையைத் தொழில்நுட்பத்தால் சரிசெய்வதைவிட இடத்தேர்வால் சரிசெய்வதே உலகெங்கும் உள்ள நடைமுறை. 1968இல் குளோமர் சேலஞ்சர் என்ற அறிவியல் துளையிடும் கப்பல் தன் முதல் பயணத்திலேயே மெக்சிகோ வளைகுடாவில், மூன்றரைக் கிலோமீட்டர் ஆழத்துக்கும் கீழே, உப்புக் குவிமாடம் ஒன்றின் மேல் துளையிட்டபோது எண்ணெய் தென்பட்டது. விபத்து நேரவில்லை. ஆனாலும், துளையிடும் ஒவ்வோர் இடத்தையும் கப்பல் புறப்படும் முன்பே தனிக் குழு ஒன்று ஆராய்ந்து ஒப்புதல் தர வேண்டும் என்ற வழக்கம் சர்வதேசத் திட்டங்களில் வேரூன்றியது. அத்தகைய குழு நம்மிடம் இல்லாவிட்டால் நாமே அமைத்துக்கொள்ள வேண்டும்: திட்டத்தில் பங்கில்லாத ஓர் அலைப்பதிவு வல்லுநர் (கடலடிக்குள் ஒலியலைகளை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு அடுக்குகளைப் படமாக்குவதே அலைப்பதிவு), எண்ணெய்க் கிணறு தோண்டி ஓய்வு பெற்ற ஒரு பொறியாளர், ஒரு வேதியியலர் ஆகிய மூவர் போதும். இவர்களுக்கு இடத்தை நிராகரிக்கும் அதிகாரம் இருக்க வேண்டும். வெறும் கருத்துரை வழங்கும் அதிகாரத்தால் பயனில்லை.

காவிரிப் படுகை எண்ணெயும் எரிவாயுவும் கிடைக்கும் படுகை என்பதை அவர்கள் முன் முதலில் வைக்க வேண்டும். கோண்டுவானா நிலத்தொகுதி பிளந்தபோது உருவான இந்தப் படுகை, மேடும் பள்ளமுமாக வடகிழக்கு நோக்கி நீண்டு கடலுக்குள்ளும் தொடர்கிறது: அரியலூர்–புதுச்சேரிப் பள்ளம், கும்பகோணம்–மாதானம் மேடு, தரங்கம்பாடிப் பள்ளம், காரைக்கால் மேடு, நாகப்பட்டினம் பள்ளம், வேதாரண்யம் மேடு. கரையில் நரிமணம் எண்ணெய் வயலும் கடலில் பி.ஒய்.-1, பி.ஒய்.-3 என்ற எண்ணெய், எரிவாயு வயல்களும் இந்த அமைப்பின் விளைவுகளே. இவற்றுள் பி.ஒய்.-1இல் எரிவாயு இருப்பது வண்டலில்கூட அல்ல. வெடிப்புகள் விழுந்த அடிப்பாறையில். இதிலிருந்து கிடைக்கும் விதி எளிமையானது. மேடுகளின் உச்சியிலும், அடுக்குகள் கவிழ்ந்த கிண்ணம்போல் மூடியிருக்கும் இடங்களிலும், பிளவுகளுக்கு அருகிலும் துளையிடக் கூடாது. அடுக்குகள் மெல்லச் சாய்ந்து போகும் பள்ளத்தின் ஓரத்தில் துளையிடலாம். மேட்டின் மேல் வண்டல் மெல்லியதாக இருப்பதால் பழைய அடுக்கை விரைவில் எட்டிவிடலாம் என்ற ஆசை ஆய்வாளருக்கு எப்போதும் இருக்கும். அந்த ஆசையைத்தான் குழு தடுக்க வேண்டும்.

பழைய கிணறுகளின் பதிவுகளும் அலைப்பதிவுகளும் ஹைட்ரோகார்பன் தலைமை இயக்ககத்தின் தேசியத் தரவுக் களஞ்சியத்தில் உள்ளன. முறையாக விண்ணப்பித்துப் பார்க்கலாம். ஆனால் எண்ணெய்த் தேடலுக்காக எடுத்த அலைப்பதிவு கிலோமீட்டர் கணக்கில் ஆழமானவற்றைக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது; மேலே உள்ள முதல் 100 மீட்டரை அது மங்கலாகவே காட்டும். ஆகவே உயர்பிரிதிறன் கொண்ட ஆழமற்ற அலைப்பதிவு, கடலடியின் ஆழத்தை அளக்கும் பல்கற்றை எதிரொலி அளவை, கடலடியின் மேற்பரப்பை ஒலியால் படம்பிடிக்கும் பக்கவாட்டு சோனார் மூன்றையும் புதிதாக எடுப்பதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். துளையிடும் புள்ளி இரண்டு அலைப்பதிவுக் கோடுகள் குறுக்கிடும் இடத்தில் அமைய வேண்டும். ஒரே கோட்டின் மேல் அமைந்த புள்ளியில் அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே தெரியாது. பதிவில் திடீரெனப் பளிச்சிடும் திட்டு, அதற்குக் கீழே எல்லாம் கலங்கிப் போவது, கடலடியில் வட்டக் குழிகள், நீருக்குள் எழும் குமிழித் தூண் ஆகியவை வாயுவின் அடையாளங்கள். இவற்றுள் ஒன்று இருந்தாலும் புள்ளியை மாற்றிவிடுவதே சரி. இது கொஞ்சம் வாயுவாகத்தான் இருக்கும் என்று விவாதிப்பதில் நேரம் போக்க வேண்டாம். அலைப்பதிவில் கொஞ்ச வாயுவும் நிறைய வாயுவும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும்.

பூம்புகாருக்கு நேர் எதிரே உள்ள கடலில் இன்னொரு வகைத் தடையும் உண்டு. தேசியக் கடலியல் நிறுவனம் 1980களிலிருந்து அங்கே கடலடித் தொல்லியல் ஆய்வு செய்திருக்கிறது. 1791, 1792 என ஆண்டு பொறித்த ஈயக் கட்டிகளோடு ஒரு சிதைந்த கப்பலும் கண்டறியப்பட்டுள்ளது. சோனார் படத்தில் இயற்கைக்குப் பொருந்தாத வடிவம் எது தென்பட்டாலும், அதைத் தொல்லியலாளர் பார்த்துச் சொல்லும் வரை நங்கூரம்கூட இறக்கக் கூடாது.

ஒவ்வொரு முதன்மைப் புள்ளிக்கும் குறைந்தது இரண்டு மாற்றுப் புள்ளிகளுக்கு அதே ஆய்வைச் செய்து ஒப்புதல் வாங்கி வைத்திருக்க வேண்டும். கடலில் போய், இங்கே கடினமாக இருக்கிறது, 300 மீட்டர் தள்ளிப் போடலாம் என்று முடிவெடுத்தால், இதுவரை செய்த சோதனைகள் அனைத்தும் வீணாகிவிடும்.

ஆழம் குறைந்த கடலே அதிக ஆபத்து

ஆழ்கடல்தான் அபாயம், கரையோரம் பாதுகாப்பு என்று பொதுவாக நினைப்போம். வாயு விஷயத்தில் நிலைமை தலைகீழ். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் வெளிவரும் வாயு மேலே வரும் வழியில் நீரில் கரைகிறது. நீரோட்டத்தால் ஒதுக்கப்பட்டுக் கப்பலை விட்டு விலகிவிடுகிறது. நாற்பது மீட்டர் ஆழத்தில் வெளிவரும் வாயு நேராக மேடைக்கு அடியில் எழும்பும், தீப்பற்றலாம், மிதக்கும் படகென்றால் நுரைத்த நீரில் மிதப்புத் திறனும் குறையும்.

இதைக் கட்டுப்படுத்தக் கையில் இருப்பது கனச்சேறு ஒன்றுதான். பாரைட் என்ற கனமான தாதுத் தூளைக் கலந்து ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.26 கிராம் அடர்த்தியில் தயாரித்த சேற்றைத் துளைக்குள் நிரப்பினால், கடல்நீர் தருவதைவிடக் கூடுதல் அழுத்தம் கிடைக்கும். எவ்வளவு கூடுதல் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் இதன் வரம்பு புரியும். வெளிக்குழாய் இல்லாததால் சேற்றின் தூண் கடலடியோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே இருப்பது வெறும் கடல்நீர். கடலடிக்குக் கீழே 300 மீட்டர் துளைத்திருந்தால், அடிப்பகுதியில் கிடைக்கும் கூடுதல் அழுத்தம் சுமார் 7 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்). 50 மீட்டர்தான் துளைத்திருந்தால் அது 1.2 பாருக்கும் குறைவு. அதாவது புதைந்த ஆற்றுத் தடத்தில் 50 மீட்டரில் அகப்படும் வாயுவை அடக்கச் சேற்றுக்கு வலு மிகக் குறைவு. ஆழமற்ற வாயுவுக்கு எதிரான உண்மையான பாதுகாப்பு அதைத் தவிர்ப்பதும் விலகி ஓடுவதும்தான் என்று திட்டத்தில் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். சேறு இருக்கிறதே என்ற தைரியம் மேடையில் யாருக்கும் வரக் கூடாது.

சேற்றின் அளவையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள 300 மீட்டர் துளையின் கொள்ளளவு ஏறத்தாழ 15 கன மீட்டர். அதைப்போல் இரு மடங்காவது, அதாவது 30 கன மீட்டர், கலந்து தயாராகத் தொட்டியில் இருக்க வேண்டும். மூட்டையில் இருக்கும் பாரைட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

வெளிக்குழாய் இல்லாத துளையில் நீர் மேலே திரும்பி வருவதில்லை என்பதால், வாயு நுழைந்ததைக் கண்டுபிடிப்பதும் கடினம். துளைப்பான் திடீரென வேகமாக இறங்குவது, பம்பு அழுத்தம் காரணமின்றிக் குறைவது, கடலடிக் கேமராவில் குமிழி தெரிவது, கடல் மேற்பரப்பு நுரைப்பது ஆகிய நான்கும்தான் அறிகுறிகள். பம்பு அழுத்தத்தைக் கவனிக்க ஒருவரை அந்த ஒரு வேலைக்கென்றே அமர்த்துங்கள். அவருக்கு வேறு பணி தரக் கூடாது. இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கோர் எடுக்கும் துளையில், கோர் உருளையைக் கம்பிவடத்தில் மேலே இழுக்கும் ஒவ்வொரு முறையும் துளைக்குழாயின் உட்புறம் திறந்துவிடுகிறது. வாயு துளைக்கு வெளியே மட்டுமல்லாமல் குழாய்க்குள்ளேயே ஏறி மேடைக்கு வந்துவிட வழியுண்டு. அதனால் துளைப்பானுக்கு மேலே தானாக மூடும் வால்வும், மேடையில் கைக்கெட்டும் தூரத்தில் முழுத் திறப்புப் பாதுகாப்பு வால்வும், அதைப் பூட்டும் சாவியோடு இருக்க வேண்டும். உருளையை வேகமாக இழுத்தால் பிஸ்டன் போல அது கீழிருந்து வாயுவை உறிஞ்சும் என்பதால், இழுக்கும் வேகத்துக்கும் உச்ச வரம்பு எழுத வேண்டும்.

ஜாக்-அப் எனப்படும் கால் ஊன்றும் மேடையைப் பயன்படுத்துவோர் இதற்கும் மேல் ஒரு கவலையைச் சுமக்க வேண்டும். வாயு கிளம்பினால் கப்பல் நகர்ந்துவிடலாம். சேற்றில் கால் புதைத்து நிற்கும் மேடையால் நகர முடியாது. கழிமுகப் படிவில் கெட்டியான மணல் அடுக்குக்குக் கீழே இளகிய களி இருப்பது சாதாரணம். அதன் மேல் கால் ஊன்றினால் மணல் ஓட்டை உடைத்துக்கொண்டு ஒரு கால் மட்டும் சட்டென இறங்கி மேடை சாய்ந்துவிடலாம். எனவே ஒவ்வொரு காலும் ஊன்றும் இடத்தில் முன்னதாகச் சிறு துளையிட்டு மண்வலிமையைச் சோதிக்க வேண்டும். அந்தச் சிறு துளையே வாயு இருக்கிறதா என்பதற்கான முதல் சோதனையாகவும் அமையும் என்பதால், அதை மேடையிலிருந்து இடாமல் நங்கூரமிட்ட படகிலிருந்து இடுவதையே நான் விரும்புவேன். அந்தப் படகின் நங்கூரங்களைக் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எதிர்த்திசையில் போட்டு வைத்தால், வின்ச்சைச் சுற்றிய சில நிமிடங்களில் துளையை விட்டு விலகிவிடலாம்.

மேல்தளத்துக்கு வரும் கோர்

துளை பாதுகாப்பாக இருந்தாலும் மேலே வரும் கோர் ஆபத்தானதாக இருக்கலாம். பிஸ்டன் வகை உருளை ஒரே வீச்சில் 9.5 மீட்டர் நீளமுள்ள வண்டலை, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துக் கொண்டுவருகிறது. கடலடி அழுத்தத்திலிருந்து வெளிவந்தவுடன் கரைந்திருந்த வாயு விரிகிறது. உறைக்குள் வண்டல் ஆங்காங்கே பிளந்து விலகுவதும், இடைவெளிகளில் நீர் பொங்குவதும் கண்ணுக்கே தெரியும். சில வேளைகளில் முனையிலிருந்து சேறு பீய்ச்சியடிக்கும், உறையே வெடிக்கவும் கூடும். எனவே கோர் தளத்துக்கு வந்ததும் அதன் இரு முனைகளுக்கும் நேராக யாரும் நிற்கக் கூடாது. முகக்கவசம் அணிந்த ஒருவர், வீங்கிய இடங்களில் உறையில் சிறு துளையிட்டு வாயுவை வெளியேற்ற வேண்டும். பொருமல் அடங்கிய பின்னரே ஒன்றரை மீட்டர் துண்டுகளாக வெட்டி மூடி போட வேண்டும்.

அந்த வாயுவில் ஒரு சிறு அளவை உடனே வாயுப் பிரிப்பியில் (கலவையிலுள்ள வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவி) செலுத்தி மீத்தேனுக்கும் ஈத்தேனுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பது, இந்தத் திட்டத்திலேயே மிக முக்கியமான அளவீடு. நுண்ணுயிர்கள் உண்டாக்கிய வாயுவில் ஈத்தேன் மிகக் குறைவு. விகிதம் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆழத்தில் வெப்பத்தால் முதிர்ந்து, எண்ணெயோடு சேர்ந்து வரும் வாயுவில் ஈத்தேன் கூடி, விகிதம் நூறுக்கு அருகிலோ அதற்கும் கீழேயோ இறங்கும். துளை ஆழமாகி மண் சூடேறும்போது விகிதம் மெதுவாகக் குறைவது இயல்பு. வண்டல் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும்போதே அது சடாரென்று சரிந்தால், கீழிருந்து எண்ணெய் வாயு ஏறி வந்திருக்கிறது என்று பொருள். ஆகவே ஒரே எண்ணை வரம்பாக வைக்காமல், ஆழத்தையும் வெப்பநிலையையும் விகிதத்தையும் ஒரே வரைபடத்தில் போட்டு, இந்தக் கோட்டைத் தாண்டினால் நிறுத்து என்று முன்கூட்டியே கோடிழுத்து வையுங்கள். முடிவு வருவதற்குள் அடுத்த கோர் எடுக்கத் தொடங்கிவிடும் பழக்கம் பல கப்பல்களில் உண்டு. விகிதம் சந்தேகத்துக்குரியதாக இருக்கும் பகுதியில் அதை அனுமதிக்கக் கூடாது.

ஹைட்ரஜன் சல்பைடுக்கும் இதே கவனம் தேவை. அழுகிய முட்டை நாற்றம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் உடனே திருத்துங்கள்: பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 10 பங்கிலேயே ஒலிக்கும் கருவியை ஒவ்வொருவர் சட்டையிலும் மாட்ட வேண்டும். காற்றுத் திசையைக் காட்டும் துணிக்குழல் கோர் தளத்திலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும். ஒலி கேட்டால் காற்று வரும் பக்கம் ஓட வேண்டும் என்பதை ஒவ்வொரு பணி மாற்றத்தின்போதும் தமிழில் சொல்ல வேண்டும். கப்பலின் பாதுகாப்புத் தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கும். தளத்தில் கயிறு பிடிப்பவர் நாகூர்க்காரராக இருப்பார்.

ஏறத்தாழ 700 மீட்டருக்கும் அதிகமான ஆழமுள்ள சரிவில் துளையிட்டால், மீத்தேன் நீரோடு உறைந்து பனிக்கட்டி போலிருக்கும் வாயு ஹைட்ரேட்டையும் எதிர்பார்க்க வேண்டும். வடக்கே கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் 2006ஆம் ஆண்டின் தேசிய வாயு ஹைட்ரேட் பயணத்தில் இது பெருமளவில் கிடைத்தது. ஒரு கன மீட்டர் ஹைட்ரேட் உருகினால் சுமார் 164 கன மீட்டர் வாயு வெளிவரும். கோர் உறையைத் தொட்டுப் பார்க்கும்போது ஒரே இடம் மட்டும் ஜில்லென்றிருந்தால் அங்கே ஹைட்ரேட் இருக்கலாம். அகச்சிவப்புக் கேமரா இதை இன்னும் தெளிவாகக் காட்டும். அத்தகைய துண்டை இறுக மூடிக் குளிர்பதன அறையில் வைப்பது, மூடி போட்ட பிரஷர் குக்கரை வால்வை அடைத்து அடுப்பில் ஏற்றுவதற்குச் சமம்.

பருவமும் புயல் கூண்டும்

இந்தக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை துளையிடத் திட்டமிடவே கூடாது. 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலும், 2008இல் காரைக்கால் அருகே கரை கடந்த நிஷாவும், 2018 நவம்பர் 16 அன்று நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கடந்த கஜாவும் அந்த மாதங்களுக்குரியவை. மிஞ்சும் காலத்திலும் தேர்வு எளிதல்ல. பிப்ரவரி, மார்ச்சில் கடல் அமைதியாக இருக்கும். ஆனால் விசைப்படகுகள் முழு வீச்சில் தொழில் செய்யும் காலம் அது, பங்குனி ஆமைகள் கரைக்கு வரும் காலமும் அதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் இழுவலைகள் இருக்காது. ஆனால் மே மாதத்தில் 2010இன் லைலா, 2016இன் ரோனு போன்ற புயல்கள் இந்தக் கரையை ஒட்டியே வடக்கு நோக்கிப் போயிருக்கின்றன. ஆழ்கடல் புள்ளிகளைப் பிப்ரவரி, மார்ச்சிலும், கரையோரப் புள்ளிகளைத் தடைக்காலத்தின் முதல் மூன்று வாரங்களிலும் முடிப்பதே என் தேர்வு. அதற்குப் பிறகு தள்ளிப்போனால் அடுத்த ஆண்டுக்கு விட்டுவிடுவது மேல்.

விலகும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். 1,000 மீட்டர் நீரும் 300 மீட்டர் துளையுமாக 1,300 மீட்டர் குழாயை 28 மீட்டர் அடுக்குகளாகப் பிரித்து எடுத்தால் 46 அல்லது 47 அடுக்குகள். அடுக்குக்கு ஐந்து நிமிடம் என்றாலும் நான்கு மணி நேரம். துளையைச் சேற்றால் நிரப்பவும் தளத்திலுள்ளவற்றைக் கட்டிப்போடவும் சேர்த்து ஆறு மணி நேரத்தில் கப்பல் புறப்பட்டுவிடும். ஜாக்-அப் மேடைக்கு இந்தக் கணக்கு செல்லாது. களியில் புதைந்த கால்களைப் பிடுங்க அரைநாள் ஆகலாம். அலை உயர்ந்துவிட்டால் மேடையை நீரில் இறக்கவே முடியாது. இழுவைப் படகு மணிக்கு நான்கு கடல்மைல் வேகத்தில் பூம்புகாரிலிருந்து சென்னைக்கு இழுத்துச் செல்ல ஒரு நாளுக்கு மேல் ஆகும். போய்ச் சேர்ந்தாலும் புயல் சென்னையை நோக்கியே வந்தால் துறைமுகம் கப்பல்களை வெளியேறச் சொல்லும். எனவே மேடையை நகர்த்துவதா, அல்லது கால்களை உயர ஊன்றி நிறுத்திவிட்டு ஆட்களை மட்டும் கரைக்குக் கொண்டுவருவதா என்பதை முன்பே முடிவு செய்து, காப்பீட்டாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும்.

எந்தக் கட்டத்தில் கிளம்புவது? புயல் என்ற அறிவிப்புக்காகக் காத்திருந்தால் காலம் போதாது. 2017இல் ஒக்கி, காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகி ஏறத்தாழ ஒரே நாளில் புயலானபோது, தென்முனைக் கடலில் மீனவர்கள் தொழிலில் இருந்தார்கள். அதற்கு நேர்மாறாக 2024இன் ஃபெஞ்சல், பல நாள் தாழ்வு மண்டலமாகவே மெதுவாக ஊர்ந்து, போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. முதல் வகைக்குத் திட்டமிட்டால் இரண்டாம் வகையில் சில நாள் வாடகை வீணாகும். அந்த வீண்செலவை வரவு செலவுத் திட்டத்திலேயே ஒதுக்கிவிடுங்கள். துறைமுகத்தில் 1ஆம் எண் கூண்டு ஏறியதும் துளையை மூடத் தொடங்குவது, 3ஆம் எண் கூண்டு ஏறும்போது கடலில் ஆளே இல்லாதிருப்பது என்று எழுதினால், கப்பல் தலைவர் முதல் சமையற்காரர் வரை எல்லோருக்கும் விளங்கும். வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கையோடு, ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் எனப்படும் கடல்சார் தகவல் சேவை மையத்தின் அலை முன்னறிவிப்பையும் நாளுக்கு இருமுறை பார்க்க வேண்டும். சுனாமி எச்சரிக்கையும் அங்கிருந்தே வரும். ஆழ்கடலில் இருக்கும் கப்பல் அங்கேயே இருப்பது நல்லது. கரைத் தளத்தில் இருப்பவர்களுக்குத்தான் ஓடும் வழி தேவை.

கரையில் கேட்கப்படும் கேள்விகள்

டெல்டாவில் துளையிடும் கருவியைக் கண்டால் மக்கள் கேட்கும் முதல் கேள்வி, எண்ணெய்க்கா, மீத்தேனுக்கா என்பதுதான். மன்னார்குடி வட்டார மீத்தேன் திட்டத்துக்கு எதிரான போராட்டம், 2017இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்து நடந்த போராட்டங்கள், 2023 மார்ச்சில் நாகூரை அடுத்த பட்டினச்சேரியில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த கச்சா எண்ணெய் ஆகியவற்றைப் பார்த்தவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி அது. இதை வதந்தி மேலாண்மை என்ற தலைப்பில் எழுதும் திட்டம் முதல் நாளே தோற்றுவிடும். டெல்டாவில் எண்ணெய், எரிவாயுத் துளையிடலைத் தடுக்கும் 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நிலத்துக்கானது. இருந்தாலும் கரைத் தளமும் கிடங்கும் அந்த மண்டலத்துக்குள் அமையுமானால், பணியின் தன்மையை மாவட்ட ஆட்சியரிடம் விளக்கி எழுத்தில் பதில் பெற்றுக்கொள்வது அவசியம். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி 12 கடல்மைல் வரையிலான நீர்ப்பரப்பும் அனுமதிக்கு உட்பட்டது. தெற்கே நகர நகரக் கட்டுப்பாடுகள் கூடும்: கோடியக்கரைச் சரணாலயம், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தலத்தின் பகுதி; பாக் விரிகுடாவில் 2022இல் அறிவிக்கப்பட்ட கடற்பசுக் காப்பகம் இருக்கிறது; இலங்கையுடனான கடல் எல்லையும் அருகே வந்துவிடுகிறது. இந்தக் காரணங்களால் கோடியக்கரைக்குத் தெற்கே புள்ளி வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் அனுமதி எல்லாம் வாங்கியாகிவிட்டது என்று தகவல் சொல்லப் போகாமல், புள்ளிகள் முடிவாகும் முன்பே வரைபடத்தோடு போய் உட்கார்ந்து பேச வேண்டும். எந்த இடத்தில் வலை சிக்கும், எங்கே பழைய படகு மூழ்கிக் கிடக்கிறது, கச்சான் காற்றில் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பவை சோனார் படத்தைவிடத் தெளிவாக அங்கே கிடைக்கும். துளையைச் சுற்றி 500 மீட்டருக்குள் வலை விடக் கூடாது என்று கேட்பதானால், எத்தனை நாள், வலை கிழிந்தால் எவ்வளவு, யார் எத்தனை நாளில் தருவார் என்பதைத் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். இரவில் செவுள் வலை நீரோட்டத்தோடு நகர்ந்து வரும். சிறு பைபர் படகுகளில் விஎச்எஃப் வானொலிக் கருவி பல நேரம் இருக்காது. அதே ஊர்ப் படகொன்றை வாடகைக்கு எடுத்துக் காவலுக்கு நிறுத்தினால், அவர்கள் குரல் கொடுத்தே வலையைத் திருப்பிவிடுவார்கள்.

யார் நிறுத்துவது

நிறுத்து என்று சொல்ல யாராக இருந்தாலும் ஒருவர் போதும். மீண்டும் தொடங்க, துளையிடல் மேலாளர், முதன்மை ஆய்வாளர், கப்பல் தலைவர் ஆகிய மூவரும் கையெழுத்திட வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே சேர்த்து, பாதுகாப்புக்காக நிறுத்திய நேரத்துக்கு ஒப்பந்ததாரருக்கு முழு வாடகை உண்டு என்றும் எழுதுங்கள். நிறுத்தினால் தனக்கு நட்டம் என்ற நிலையில் இருப்பவரிடம் எச்சரிக்கையை எதிர்பார்ப்பது வீண். காயமுற்றவரைக் கரை சேர்க்கும் வழி, கடலோரக் காவல் படையின் 1554 அவசர எண், தீக்காயத்துக்கு எந்த மருத்துவமனை என்பவை ஒரே தாளில் இருக்க வேண்டும். அந்த மருத்துவமனையில் அன்றைய தேதியில் தீக்காயப் பிரிவு இயங்குகிறதா என்பதை நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும்.

கோரைப் பாதுகாப்பதும் இடர்த் திட்டத்தின் பகுதியே. அது 4 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. மீன்பிடித் துறைமுகத்துக் குளிர்க்கிடங்கு கைவசம் இருக்கிறதே என்று அதில் வைத்தால், மீனுக்கேற்ற உறைநிலை வண்டலின் அடுக்குகளைச் சிதைத்துவிடும். தனிக் குளிர்பதனக் கொள்கலன் ஒன்றும் இரண்டு ஜெனரேட்டர்களும் தேவை.

பணி முடிந்ததும் துளையைக் கனச்சேற்றாலோ சிமெண்டாலோ அடைத்து, கடலடிக் கேமராவால் சிறிது நேரம் குமிழி வருகிறதா என்று பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். கடலடியில் எதையும் துருத்திக்கொண்டிருக்க விடக் கூடாது. தவிர்க்க முடியாமல் ஏதேனும் தங்கிவிட்டால், அதன் ஆயத்தொலைவுகளை டேராடூனிலுள்ள கடற்படை நீராய்வு அலுவலகத்துக்கும், துறைமுகத்துக்கும், பேசிய ஒவ்வோர் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் அந்த வாரமே கொடுத்துவிட வேண்டும். பஞ்சாயத்துக்குக் கொடுக்கும் தாளில், மீனவர்கள் ஜிபிஎஸ் கருவியில் அப்படியே பதிந்துகொள்ளும் பாகை, கலை வடிவத்தில் எண்கள் இருக்கட்டும்.